உஷார்! எல்லாத் தடிப்பும் காணாக்கடி இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம். இறால் தொக்கோடு சாப்பிட்டு எழுந்த பத்தாவது நிமிடம், என் அக்கா மகன் வயிற்றைச் சொறிய ஆரம்பித்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தடிப்பு. “ஏதோ பூச்சி கடிச்சிருக்கும், காணாக்கடிதான்” என்றாள் அம்மா. வெற்றிலையில் மிளகு வைத்து மடித்துக் கொடுத்தாள். கூடவே ஒரு அவில் மாத்திரை. “செத்த நேரம் படுத்துத் தூங்குடா, சரியாயிடும்.” எங்கள் வீட்டில் என்றைக்கும் இதுதான் வைத்தியம்.

உறை மோர் வாங்க வந்த எதிர் வீட்டு அக்கா, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலேயே நின்று கேட்டார்: “பையன் குரல் ஏன் இப்படிக் கம்முது?” அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. தொண்டை உள்ளுக்குள் வீங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

அரிப்பும் தடிப்பும் தோலோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு நாளுக்குள் தானாகவே வடிந்துவிடும். அதோடு உதடு, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, விடாத இருமல், இளைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது வேறு விஷயம். மருத்துவர்கள் ‘அனபிலாக்சிஸ்’ என்பார்கள். ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் சரியும், மூச்சுக்குழாய் சுருங்கும். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சிலருக்குத் தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலேயே வரும். அதுதான் ரொம்பக் கொடுமை.

இந்த நேரத்தில் அவிலை மட்டும் நம்பாதீர்கள். அது அரிப்பைத் தணிக்கும். சரியும் பிரஷரைத் தூக்கி நிறுத்தவோ, அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்கவோ அதனால் முடியாது. போதாக்குறைக்குத் தூக்கம் வேறு வரவழைக்கும். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் பிள்ளையை ‘அசந்து தூங்குது’ என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டு வந்துவிடுவோம்.

“போன வாரம்கூட இறால் சாப்பிட்டானே, ஒண்ணும் ஆகலையே?” என்று என் அக்கா அழுதாள். இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 1902-ல் பிரான்சின் ஷார்ல் ரிஷே கடல் சாமந்தி விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்தபோது சிறிது நேரத்திலேயே செத்துப்போனது. உடம்பு அந்தப் பொருளை விரோதியாக ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டது. 1913-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆராய்ச்சி இது. ஆகவே முன்பு ஒத்துக்கொண்டது என்பது உத்தரவாதமே இல்லை. போன முறை லேசான தடிப்போடு போனது, அடுத்த முறையும் லேசாகவே வரும் என்றும் இல்லை.

இறாலில் வம்பு செய்யும் முக்கியமான புரதம் கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால் இறால் பொரித்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிப்பது, தொக்கு கிண்டிய கரண்டியைக் கழுவாமல் ரசத்தில் விடுவது, இரண்டுமே இறால் ஆகாதவர்களுக்கு ஆபத்து. ஆவி பட்டே இளைப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கரப்பான் பூச்சியிலும், தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியிலும் இதே வகைப் புரதம் உண்டு. அதனால், தூசி ஆகாமல் காலையில் அடுக்குத் தும்மல் போடும் பிள்ளை முதன்முறை இறால் சாப்பிட்டால் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். தலையணை உறையை வாரம் ஒரு முறை நல்ல சுடுநீரில் துவையுங்கள். வேர்க்கடலை ஆகாதவர்கள் ஹோட்டலில் வெள்ளைச் சட்னியைப் பார்த்துத் தேங்காய் என்று நம்பிவிட வேண்டாம், கேட்டுவிட்டுத் தொடுங்கள். முந்திரி குருமாவுக்குள் அரைந்து கிடக்கும். குளவிக் கொட்டு, வீட்டு டப்பாவில் மிச்சம் கிடக்கும் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் எல்லாமே இதே விபரீதத்தைக் கொண்டுவரக்கூடியவை.

மெடிக்கலில் ‘அலர்ஜிக்கு ஒரு செட்’ கேட்டு வாங்கும் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள். அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், குழந்தையின் வளர்த்தி குறையும். நெடுநாள் தின்றவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும்.

மேலே சொன்ன அறிகுறி தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அலர்ஜி, மூச்சு முட்டுகிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணியை இடப்பக்கமாக. எழுந்து நடக்க விடாதீர்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோவதுதான் நம் ஊரில் நடக்கிறது; பிரஷர் சரிந்த ஆளுக்கு அது உயிருக்கே உலை வைக்கும். வண்டி வரத் தாமதமானால் காரில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். தண்ணீர், மிளகு, கஷாயம் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அது எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடும் இடம் என்பதால் அங்கே அட்ரினலின் வைத்திருப்பார்கள். ஊசி போட்டதும் நல்லாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வருவது உண்டு. மருத்துவர் போகச் சொல்லும் வரை அங்கேயே இருங்கள்.

அக்கா மகனின் பள்ளிப் பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது: ‘இறால், நண்டு ஆகாது. மூச்சு முட்டினால் 108.’ உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று ராத்திரியே எழுதி வைத்துவிடுங்கள்.