க்ரோமுக்குக் கறுப்பு ஸ்ப்ரே ஓகே... பிரேக் லைட்டுக்கு? - கேனைக் குலுக்கும் முன் ஒரு நிமிஷம்!

என் பெரியப்பா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் வாங்கினார். வாங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் பழைய நியூஸ் பேப்பர், மாஸ்கிங் டேப், நான்கைந்து ஸ்ப்ரே கேன்களோடு உட்கார்ந்துவிட்டார். முன்பக்க க்ரில், கதவு ஓரத்து க்ரோம் பட்டை, வீல் கப் எல்லாம் மேட் பிளாக். சாயங்காலம் பார்த்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது வண்டி. அதே உற்சாகத்தில் பின்பக்க விளக்குகளுக்கும் 'ஸ்மோக் டின்ட்' ஸ்ப்ரே அடித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷன். இரவு திரும்பும்போது அண்ணன் காரில் முன்னால் போக, அப்பா ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், நீ பிரேக் போட்டா லைட் எரியுதா, இல்லையா?"

"எரியுதே சித்தப்பா!"

அண்ணன் பிரேக்கை மிதித்துக் காட்டினார். எரிந்தது. பக்கத்தில் நின்று பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால், சிக்னலில் அப்பா இடிக்காமல் நின்றது ஒரு கை அளவு இடைவெளியில்தான்!

கார் அலங்காரத்தில் ஸ்ப்ரேயை எங்கே அடிக்கலாம், எங்கே தொடவே கூடாது? வாங்க, பார்க்கலாம்.

கேனுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் பார்க்க எல்லா கேனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை வேறு வேறு.

முதலாவது, உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் கோட்டிங். அமெரிக்காவின் 'பிளாஸ்டி டிப்' இதில் பிரபலமான பெயர். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கியெடுக்கும் ரப்பர் திரவமாக வந்தது, பிறகு ஸ்ப்ரேயாகி கார்களுக்கும் வந்துவிட்டது. பிடிக்காவிட்டால் தோல் மாதிரி உரித்துவிடலாம். அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, வெயிலில் வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், கண்ணாடி மூடிகளுக்கான டிரிம் பெயின்ட். இதை உரிக்க முடியாது. மூன்றாவது, விளக்கின் மேல் அடிக்கும் ஸ்மோக் டின்ட். நான்காவது, மஞ்சளான ஹெட்லைட்டைச் சுத்தம் செய்தபின் அடிக்கும் யு.வி. கிளியர் கோட். நான்கையும் குழப்பிக்கொண்டால் சிக்கல்தான்.

வீட்டிலேயே அடிப்பவர்களுக்கு...

சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, காய வைத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். முன்பு போட்ட வேக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் கோட்டிங் ஒட்டாது.

கேனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்தி அடிக்க வேண்டும். முதல் கோட் திட்டுத் திட்டாக, அடியில் இருப்பது தெரிகிற மாதிரிதான் இருக்கும். பதறி அங்கேயே மீண்டும் அடித்தால் வழிந்துவிடும். கேனில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, அடுத்த கோட் அடியுங்கள். ரப்பர் கோட்டிங்குக்கு ஐந்தாறு கோட் தேவைப்படலாம். மெல்லிசாக அடித்தால் பின்னால் உரிக்கும்போது முழுசாக வராமல் துண்டு துண்டாகக் கிழியும். கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் கோட்டிங்கும் சேர்ந்து வந்துவிடும்.

இந்த ஸ்ப்ரேக்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. சமையலறை ஜன்னல் பக்கம், விளக்கேற்றிய இடம் பக்கம் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டு அடியுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் இதற்குப் போதாது. மிச்சக் கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கலாம்.

இங்கெல்லாம் வேண்டாம்!

பெட்ரோல் மூடியைச் சுற்றி ரப்பர் கோட்டிங் நிற்காது; பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். பம்பரில் இருக்கும் பார்க்கிங் சென்சார்கள், கேமரா லென்ஸ் மேல் படவே கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் முன்பக்க லோகோவுக்கோ க்ரில்லுக்கோ பின்னால் ரேடார் இருக்கும். முன்னால் இருக்கும் வண்டியைக் கவனித்து எச்சரிப்பது அதுதான். அதன்மேல் மெட்டாலிக் பெயின்ட் அடித்தால், அதன் பார்வை கெட்டுப்போகலாம்.

பிரேக் லைட்டில் என்ன பிரச்னை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதி வெளிச்சத்தை மட்டும் வெளியே விடும் டின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் லைட்டின் வெளிச்சம் பாதியாகிறது. ஆனால், அதே விளக்குக்குள் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு அடி இரட்டிப்பு. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் டின்ட்டைத் தாண்டி உள்ளே போகும்போது பாதி. திரும்பி வெளியே வரும்போது அதிலும் பாதி. மிஞ்சுவது கால் பங்குதான். இரவில் விளக்கெல்லாம் அணைத்து சாலையோரம் நிறுத்திய கார், பின்னால் வருபவருக்குத் தெரிய அந்த ரிஃப்ளெக்டர்தான் ஒரே துணை!

60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும். பிரேக் லைட் எரிந்ததைக் கவனிக்க அரை நொடி தாமதமானாலும் 8 மீட்டருக்கு மேல் போச்சு. அது இரண்டு ஹேட்ச்பேக் கார்களின் நீளம். மழை, உச்சி வெயில், வயதானவர்களின் கண் பார்வை... இதையெல்லாம் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட் இரவில் 15 மீட்டரில் படிக்க முடிய வேண்டும். கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். விளக்கு விஷயம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை, அவ்வளவுதான்.

காரின் நிறம் ஆர்.சி-யில் பதிவாகியிருக்கும். சின்ன க்ரோம் பட்டையைக் கறுப்பாக்குவது வேறு. முழுக் காரின் நிறத்தையே மாற்றினால், ஆர்.டி.ஓ-வில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றங்களைச் சொல்லிவிடுவது நல்லது.

விளக்குக்கு அடிக்க வேண்டிய ஸ்ப்ரே!

பழைய காரின் ஹெட்லைட் மஞ்சளாகி, புகை படிந்த மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலிருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்துபோவதால்தான் மஞ்சளாகிறது. தண்ணீர் விட்டு, 1,000-ல் ஆரம்பித்து 2,000, 3,000 என்று நைஸான எமரி பேப்பரால் படிப்படியாகத் தேய்த்து, பிறகு யு.வி. கிளியர் கோட் அடித்தால் வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். கிளியர் கோட் அடிக்காமல் விட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். ஹார்டனர் கலந்த '2கே' வகை கிளியர் கோட்டின் ஆவி நுரையீரலுக்கு ஆபத்து. அதைப் பெயின்ட் ஷாப்பில் கொடுத்துவிடுவதே நல்லது.

அண்ணன் காருக்கு வருவோம். ரப்பர் கோட்டிங் என்றால் உரித்துவிடலாம். ஸ்மோக் டின்ட் அப்படி வராது. தின்னர் ஊற்றித் துடைத்தால் லென்ஸே பொரிந்து வெடிப்பு விடலாம். அதனால் அடுத்த ஞாயிறு முழுக்க எமரி பேப்பரும் தண்ணீருமாகத் தேய்த்து, பாலிஷ் போட்டார். பத்து நிமிஷத்தில் அடித்ததை எடுக்க ஒரு பகல் ஆனது.

க்ரில், க்ரோம் பட்டை, வீல் கப் எல்லாம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கின்றன. அது அவர் ஆசை, அவர் கார். ஆனால், பிரேக் லைட் காருக்குள் இருப்பவருக்கானது இல்லையே... பின்னால் வருபவருக்கானது!

அன்று இரவு அப்பா தெருமுனை வரை நடந்துபோய் நின்றுகொண்டார். அண்ணன் பிரேக்கை மிதித்தார்.

"ம்... தெரியுதுடா!"