பொன் வேறு, பொலிவு வேறு

பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்குக்காகப் பாரிஸ் நகரத்துக் கார்ட்டியே நிறுவனம் 1928ஆம் ஆண்டில் செய்து முடித்த கழுத்தணியில் 2,930 வைரங்கள் இருந்தன. நடுவில் தொங்கிய மஞ்சள் வைரம் ஒன்றே 234 காரட்டுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி அவ்வணி அரச கருவூலத்திலிருந்து மறைந்து போயிற்று. 1998ஆம் ஆண்டில் லண்டனில் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது, பெருங்கற்கள் எல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. எஞ்சியதை வாங்கிச் சீர்செய்த கார்ட்டியே நிறுவனம், தொலைந்த கற்களுக்கு ஈடாகச் செயற்கைக் கற்களையும், நடு வைரத்திற்கு ஈடாக அதன் நகலையும் பதித்தது. கண்காட்சிகளில் மக்கள் வியந்து நிற்பது அந்த வடிவத்தின் முன்னால்தான்.

ஒரு நகையில் இரண்டு செல்வங்கள் உள்ளன என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஒன்று உலோகமும் கல்லும் தரும் விலைமதிப்பு. மற்றொன்று வடிவம் தரும் அழகு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே நம் இல்லங்கள் நெடுங்காலமாக நகை வாங்கி வந்துள்ளன. பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் அணிவதிலும் சேமிப்பதிலும் நமக்கு நன்மையே விளையும்.

அழித்துச் செய்த அழகுகள்

பாட்டியின் அட்டிகையைப் பேத்தியின் திருமணத்திற்காக அழித்துப் புதிதாகச் செய்வது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. பழைய நகை உருக்கப்படும்போது பொன் பெரும்பாலும் மிஞ்சுகிறது. ஆனால் அதைச் செய்த கைத்திறன் அன்றோடு முடிந்துவிடுகிறது. புதிய நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் மீண்டும் கொடுக்க வேண்டியிருப்பதால், பொன்னிலும் ஒரு பகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் கரைகிறது.

மறைந்துபோகும் அந்த வடிவங்களுக்கு இன்று மறுவாழ்வு தருபவை முலாம் பூசிய கவரிங் நகைகளே. மாங்காய் மாலை, காசு மாலை, ஆந்திரத்தின் கொத்து முத்துக் குட்டபூசலு, ஐதராபாத்தின் ஏழு சர முத்துமாலையான சத்லடா, மராட்டியத்தின் தூஷி, வங்கத்தின் சீதாஹார் என ஒவ்வொரு வட்டாரத்தின் பழைய அணியும் இப்போது எளிய விலையில் கிடைக்கிறது. பெட்டகத்தில் பூட்டி வைத்த அணியைக் காண்பவர் எவருமில்லை. அதன் நகலை அணிந்து செல்லும் பெண்ணால் அவ்வடிவம் மீண்டும் ஊரார் கண்ணில் படுகிறது.

செய்யும் ஊர்கள்

சிதம்பரம் கவரிங் என்ற பெயரை அறியாத தமிழ் இல்லம் அரிது. அதுபோலவே ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடி ‘ரோல்ட் கோல்டு’ நகைக்குப் பெயர் பெற்றது. குஜராத்தின் ராஜ்கோட் நகரில் வார்ப்பு, மெருகு, முலாம், கல் ஒட்டுதல் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பட்டறைகள் உண்டு. அசாமின் நகாவ் மாவட்டத்து ரந்தாலி ஊரில், பிறை வடிவப் பதக்கமான ஜூன்பிரி முதலிய மரபு அணிகளை வெள்ளியின்மீதும் செம்பின்மீதும் பொன் தகடு போர்த்திச் செய்யும் கைவினை இன்றும் வாழ்கிறது. ஆகவே, உள்ளே ஓர் உலோகமும் மேலே பொன்னுமாக அணி செய்வது இக்காலத்துத் தந்திரமன்று. நம் மரபிலேயே இடம்பெற்ற கலை.

ஜெய்ப்பூரின் குந்தன் வேலைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். உண்மைக் குந்தனில், அரக்கு நிரப்பிய பொற்கூட்டினுள் கல்லை அமர்த்தி, அதனைச் சுற்றித் தூய பொன்னின் மெல்லிய இழைகளை அழுத்தி இறுக்குவர். நகையின் பின்புறத்தில் மீனாகாரி என்னும் வண்ணப் பூச்சு ஒளிரும். அணிபவர் உடலோடு ஒட்டி மறைந்திருக்கும் பக்கத்திற்கும் அத்தனை உழைப்பு. கவரிங் குந்தனில் பித்தளைக் கூட்டில் கண்ணாடிக் கல்லைப் பசையால் ஒட்டுவர். முன்பக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். திருப்பிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

தமிழகத்தின் கெம்புக்கல் கோயில் நகைகளும் இவ்வாறே. ஆடல் மகளிர் அணிந்த அவ்வகை நகைகளுக்கு நாகர்கோவிலின் வடசேரி புகழ்பெற்றது. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதே தோற்றத்தில் எந்திரத்தில் வார்த்த மலிவான நகைகளும் சந்தையில் குவிகின்றன. கைவேலை நகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணன்று. அங்கே நாம் விலை கொடுப்பது உலோகத்திற்கன்று, உழைப்பிற்கு.

அணியும் முறை

பழமைத் தோற்றம் கொண்ட நகை இயல்பாகவே பெரியது, வேலைப்பாடு நிறைந்தது. எனவே முதல் விதி, கண் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பதாகும். கழுத்தில் அகன்ற அட்டிகை இருந்தால் காதில் சிறு தோடு போதும். பெரிய ஜிமிக்கியோ, நெற்றிச்சுட்டியோ முதன்மை பெற்றால் கழுத்தை வெறுமையாக விடலாம். கடையில் முழுத் தொகுதியாக விற்கப்படுகிறது என்பதற்காக அனைத்தையும் ஒரே நாளில் அணிய வேண்டியதில்லை.

இரண்டாவது, கழுத்து வெட்டும் மாலையின் நீளமும் ஒத்திருத்தல். உயர்ந்த கழுத்து ரவிக்கைக்கு மார்பளவு தொங்கும் நீண்ட ஆரம் பொருந்தும். அகன்ற வெட்டுக்கு அட்டிகை பொருந்தும். மாலையின் விளிம்பும் துணியின் விளிம்பும் ஒரே கோட்டில் விழுந்தால் இரண்டின் அழகும் குன்றும்.

மூன்றாவது, மெருகும் துணியும். மங்கிய பொன்னிற நகைகள் கைத்தறிப் பருத்திக்கும் அடர்நிறப் பட்டுக்கும் அணி சேர்ப்பவை. வெளிர்நிற ஆடைக்கு முத்தும் வெண்கல் குந்தனும் இணக்கமானவை. அகன்ற சரிகைப் புடவைக்கு நகை குறைவாகவும், கரையில்லாப் புடவைக்கு நகை சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். வெவ்வேறு வட்டார நகைகளைக் கலந்து அணிவதிலும் தவறில்லை. ஆனால் மெருகின் நிறம் ஒத்திருக்க வேண்டும். பளபளக்கும் புது முலாமும் மங்கிய பழம்பூச்சும் அடுத்தடுத்து நின்றால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடும்.

அலுவலகத்திற்குச் செல்வோர் சிறு கெம்புத் தோடு, ஒற்றைச் சர முத்து, மெல்லிய வளை ஆகியவற்றுள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நலம். எடை மிகுந்த காதணிக்கு மாட்டல் இட்டுச் சுமையைக் கூந்தலுக்குப் பகிர்ந்தளிக்கலாம். நம் முன்னோர் கண்ட வழி அது. பொன் தோடு, தாலிக்கொடி போன்ற உண்மை நகையோடு கவரிங் மாலையைச் சேர்த்து அணிவதும் அழகே.

வாங்கும்போதும் பேணும்போதும்

கடைகளில் ‘ஆன்டிக்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மெருகின் பெயர், வயதைக் குறிப்பதன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமை கொண்ட நகையே தொல்பொருள் என்னும் தகுதி பெறும். அதுபோல, ‘ஒரு கிராம் தங்கம்’ என்ற பெயரைக் கொண்டு உள்ளே ஒரு கிராம் பொன் இருக்கிறதென்று எண்ணிவிடக் கூடாது. செம்பின்மீதோ பித்தளையின்மீதோ இட்ட மெல்லிய பூச்சே அது. பூச்சின் கனம், மறுமுலாம் இட்டுத் தருவார்களா என்பது ஆகிய இரண்டையும் கேட்டறிந்து வாங்குவது நன்று.

தோல் அரிப்பு ஏற்படுவோர் நிக்கல் கலவாத நகையைக் கேட்டு வாங்க வேண்டும். செம்பு கலந்த நகை வியர்வை பட்டுத் தோலில் பச்சைத் தடம் விடுவதுண்டு. அது கழுவினால் போய்விடும். நறுமணத் தைலமும் முகப்பூச்சும் இட்டு உலர்ந்த பின்னரே நகையை அணிய வேண்டும். கழற்றும்போது முதலில் கழற்ற வேண்டியதும் அதுவே. ஒட்டுக் கல் நகையில் நீர் பட்டால் பசை இளகும்; கல்லுக்கு அடியிலுள்ள மினுக்குத் தாள் கறுக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, காற்றுப் புகாத உறையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்தால் பல ஆண்டுகள் பொலிவு குன்றாது.

பெட்டகத்தில் இரண்டும் கலவாதிருக்க

கவரிங் நகையில் இழிவு ஏதுமில்லை. அதைப் பொன்னென்று நம்புவதிலும் நம்பவைப்பதிலும்தான் கேடு உள்ளது. அவசர மருத்துவச் செலவுக்காகக் கொண்டுவரப்படும் நகை, வங்கியில் மதிப்பீட்டாளரின் உரைகல்லில் முலாமெனத் தெரிந்தால், அந்தக் குடும்பம் நம்பியிருந்த கடைசி ஊன்றுகோலும் முறிகிறது. உண்மைக் குந்தனுக்கும் கல் நகைக்கும்கூடக் கடன் தரும்போது கல்லின் எடையும் அரக்கின் எடையும் கழிக்கப்பட்டு, நிகரப் பொன் எடையே கணக்கில் கொள்ளப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொன் நகை வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சின்னம், 22 காரட்டுக்கு 916 போன்ற தூய்மைக் குறி, ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்குக் கட்டாய முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. ஆதலால் அவற்றை வாங்கும்போது பொன்னின் எடை, காரட், கல்லின் எடை ஆகியவை தனித்தனியே எழுதப்பட்ட ரசீது இன்றியமையாதது.

வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் என்ன வைக்கப்பட்டுள்ளது என்பதை வங்கி அறியாது. எனவே கணக்கு நம்மிடமே இருக்க வேண்டும். நகைகளின் படம், எடை, ரசீது ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி, பொன் எது, முலாம் எது என்று தெளிவாகக் குறித்து, குடும்பத்தில் ஒருவரேனும் அறியும்படி வைத்தல் நலம். பெற்றோருக்குப் பின் பெட்டகத்தைத் திறக்கும் பிள்ளைகளிடையே, தாய் நெடுநாள் அணிந்திருந்த மாலை பொன்னா முலாமா என்ற ஐயம் எழுந்தால், அது மனத்தாங்கலாய் வளர்வதற்கு நெடுநேரம் பிடிப்பதில்லை. ஒரு தாளில் எழுதிய நான்கு வரிகள் அதனைத் தடுக்கும்.

திருமண வீட்டில் ஒரு நாள் அணிவதற்காகக் கடன்பட்டுக் கனத்த ஆரம் வாங்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்கள் அவ்வடிவத்தை முலாமில் அணிந்து, வட்டிக்குப் போகவிருந்த பணத்தை மகளின் பெயரில் வைப்பாக இட்டால், மணநாளின் படங்களில் அழகு சிறிதும் குறையாது. ஆண்டுகள் கழிந்து அப்படங்களை அவள் புரட்டும்போது, வைப்பும் வளர்ந்து அவள் பெயரிலேயே இருக்கும்.