இடப்பெயர்வின்போது பள்ளித் தேர்வு

பணிமாறுதல், தொழில், குடும்பச் சூழல் முதலிய காரணங்களால் ஊர் மாறும் பெற்றோர், தம் பிள்ளைகளுக்குப் புதிய ஊரில் பள்ளியொன்றைத் தெரிந்தெடுத்துச் சேர்ப்பது இடப்பெயர்வின்போது பள்ளித் தேர்வு ஆகும். எல்லா நாடுகளிலும் இது பெற்றோருக்குக் கவலை தரும் பணியே. எனினும் அக்கவலையின் காரணம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் இது நடைபெறும் முறை, மதுரையை அடுத்துள்ள ஒத்தக்கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்கப்படுகிறது.

பள்ளி மாவட்டமும் கல்வி மாவட்டமும்

ஐக்கிய அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாட்சி அலகு. பெரும்பாலான இடங்களில் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உண்டு. அப்பகுதி வீடுகள், நிலங்கள் மீதான சொத்துவரி அதன் வருவாயில் பெரும்பங்கு வகிக்கிறது. பிள்ளை எந்தப் பொதுப் பள்ளியில் சேரும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே முடிவு செய்வதால், நல்ல பள்ளி மாவட்டத்தில் வீட்டு விலையும் வாடகையும் உயர்ந்திருக்கும். ஆகவே அங்கு வீட்டைத் தேர்வதே பள்ளியைத் தேர்வதாகிவிடுகிறது. இலங்கையிலும் முதலாம் தர அனுமதியில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தொலைவுக்கும், வதிவிடச் சான்றுகளுக்கும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு அங்கு தனி ஒதுக்கீடும் உண்டு.

தமிழ்நாட்டில் 'கல்வி மாவட்டம்' என்ற பெயர் வழங்கினாலும் அதன் பொருள் வேறு. அது மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவரின் ஆளுகைக்கு உட்பட்ட நிருவாகப் பிரிவு மட்டுமே. ஒரு வருவாய் மாவட்டத்தின் பள்ளிகள் அனைத்திற்கும் முதன்மைக் கல்வி அலுவலர் பொறுப்பாவார். தொடக்கப் பள்ளி நிலையில் வட்டாரக் கல்வி அலுவலர்கள் உள்ளனர். 2022இல் செய்யப்பட்ட மறுசீரமைப்பின்படி தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் ஆகியவற்றைத் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் கவனிக்கின்றனர். பெற்றோர் எந்தக் கல்வி மாவட்டத்தில் குடியிருந்தாலும் பிள்ளையை வேறொன்றில் சேர்க்கத் தடையில்லை. ஆதலால் இங்கு நல்ல கல்வி மாவட்டம் எது என்று வினவுவதில் பயன் இல்லை. பள்ளியின் வகை, பயிற்றுமொழி, பாடத்திட்டம், தொலைவு ஆகியனவே வினவத் தக்கவை. இவற்றுள் முதல் இரண்டின் விளைவு, பிள்ளை பள்ளியை விட்டு நீங்கிய பின்னும் தொடர்கிறது.

ஒத்தக்கடை

யானைமலை ஒத்தக்கடை என்றும் சுருக்கமாக யா. ஒத்தக்கடை என்றும் வழங்கும் இவ்வூர், மதுரைக் கிழக்கு வட்டத்தில், யானைமலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இங்கு வெளியூர்க் குடும்பங்கள் வந்து குடியேறுவது புதிதன்று. 1965இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி, பேராசிரியர்களையும் பணியாளர்களையும் பல மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்தது. 2004 சூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருகிலுள்ள உலகனேரியில் திறக்கப்பட்டபோது வழக்குரைஞர்களும் நீதிமன்ற அலுவலர்களும் குடும்பத்தோடு இடம்பெயர நேர்ந்தது. சுற்றிலும் நெல்வயல்களும் சிற்றூர்களும், ஒருபக்கம் மதுரை மாநகரும் இருப்பதால், ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு மேனிலைப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆகிய எல்லா வகையும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்குகின்றன. தெரிவு மிகுதியாக இருப்பதே குழப்பத்துக்கும் காரணமாகிறது.

பள்ளி எந்த வகுப்பு வரை உள்ளது என்பது முதலில் கேட்கவேண்டியது. தொடக்கப் பள்ளி 5ஆம் வகுப்போடும், நடுநிலைப் பள்ளி 8ஆம் வகுப்போடும், உயர்நிலைப் பள்ளி 10ஆம் வகுப்போடும் முடிகின்றன. மேனிலைப் பள்ளியில் மட்டுமே 12ஆம் வகுப்பு வரை படிக்கலாம். 7ஆம் வகுப்புப் பிள்ளையை நடுநிலைப் பள்ளியில் சேர்த்தால் இரண்டாண்டில் மீண்டும் ஒரு மாற்றம் வரும். இது சிறு குறையாகத் தோன்றினாலும் சிற்றூர்களில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் படிப்பு, பெரும்பாலும் இந்த இடைவெளியிலேயே நின்றுபோகிறது. ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள கொடிக்குளத்தில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவதற்காக ஆயி அம்மாள் என்ற பூரணம், தமக்குரிய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 சனவரியில் பள்ளிக் கல்வித்துறைக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தார். பல கோடி ரூபாய் மதிப்புள்ள அந்நிலத்தை வழங்கிய அவர் வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றியவர். மறைந்த தம் மகளின் நினைவாக இதனைச் செய்த அவருக்கு அவ்வாண்டு குடியரசு நாளில் முதலமைச்சரின் சிறப்பு விருது அளிக்கப்பட்டது.

பள்ளியின் வகையும் அதன் நீண்ட விளைவும்

அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, தனியார் பள்ளியா என்பதைக் கட்டணத்தைக் கொண்டே பெற்றோர் பலர் முடிவு செய்கின்றனர். 2020க்குப் பின் இம்முடிவுக்கு வேறொரு கனம் சேர்ந்துள்ளது. அவ்வாண்டு இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், நீட் தேர்வில் தகுதிபெற்ற அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்புகளின் மாநில இடங்களில் 7.5 விழுக்காட்டை ஒதுக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் இவ்வொதுக்கீடு விரிவாக்கப்பட்டது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கவேண்டும் என்பது இதன் நிபந்தனை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா.

இந்நிபந்தனை ஊர்மாறும் குடும்பத்தைத் தனியே தாக்குகிறது. அரசுப் பள்ளியில் படித்துவந்த 8ஆம் வகுப்பு மாணவி, புதிய ஊரில் 'இப்போதைக்கு' என்று ஓராண்டு தனியார் பள்ளியில் சேர்க்கப்பட்டுப் பின் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும், அந்த ஓராண்டு தொடர்ச்சியை முறித்துவிடுகிறது. 6ஆம் வகுப்பை வேறு மாநிலத்தில் முடித்து வரும் பிள்ளைக்கும் இவ்வழி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மே மாத அவசரத்தில் பள்ளி தேடும் பெற்றோர் இதனை அறியாதிருப்பதே பெரும்பான்மை. விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் இழப்பு தெரியவருகிறது.

கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகத்திலும் தொடங்கப்பட்டன. இவையும் 6 முதல் 12 வரையான பள்ளிப்படிப்பைக் கணக்கிடுகின்றன. இங்கு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டுள்ளனர்.

பயிற்றுமொழிக்கும் இத்தகைய நீண்ட நிழல் உண்டு. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்தல் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்கவேண்டும். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவும் இருப்பதால், அரசுப் பள்ளி என்ற அளவில் தமிழ்வழி உறுதியாவதில்லை. சேர்க்கைப் படிவத்தில் பயிற்றுமொழி எவ்வாறு பதியப்படுகிறது என்பதைப் பார்த்தே கையொப்பமிடுதல் நன்று.

25 விழுக்காட்டு ஒதுக்கீடு பற்றித் தவறான எண்ணம் ஒன்று நிலவுகிறது. தனியார் பள்ளிகளின் இவ்விடங்கள் நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு நுழைவு வகுப்பில் மட்டுமே, அதாவது எல்கேஜி அல்லது 1ஆம் வகுப்பில் மட்டுமே, வழங்கப்படுகின்றன. வீட்டிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவு கணக்கிடப்படுகிறது. இவ்வாறு சேர்ந்த பிள்ளை 4ஆம் வகுப்பில் ஊர் மாறினால், அந்த இடம் கூடவே வருவதில்லை.

பாடத்திட்டம்

2010 வரை தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நான்கு முறைகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பிள்ளை புத்தகங்கள் அனைத்தையும் மாற்றவேண்டியிருந்தது. சமச்சீர்க் கல்வி 2010-11இல் 1, 6 ஆம் வகுப்புகளில் அறிமுகமாகி, உச்ச நீதிமன்றத்தின் 2011 ஆகத்து 9 தீர்ப்புக்குப் பின் பிற வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இன்று திருநெல்வேலியின் அரசுப் பள்ளியிலிருந்து ஒத்தக்கடையின் மெட்ரிகுலேசன் பள்ளிக்கு வரும் பிள்ளையும் அதே பாடநூலையே தொடர்கிறது. மொழி மாறினால் மட்டுமே இடர்ப்பாடு.

நடுவண் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு மாறுவது எளிதன்று. அவற்றின் கல்வியாண்டு பொதுவாக ஏப்ரலில் தொடங்க, மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் சூனில் திறக்கின்றன. கேந்திரிய வித்தியாலயங்களில் 1ஆம் வகுப்புக்கு 2022-23 முதல் 6 வயது நிறைந்திருக்கவேண்டும். மாநிலப் பாடத்திட்டத்திலோ 5 வயது போதும். மதுரையில் நரிமேடு, திருப்பரங்குன்றம் முதலிய இடங்களில் கேந்திரிய வித்தியாலயங்கள் உள்ளன. இவை மாறுதலுக்குரிய நடுவண் அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காகவே ஏற்பட்டவை. முந்தைய ஏழு ஆண்டுகளில் பெற்றோர் பெற்ற மாறுதல்களின் எண்ணிக்கையும் கணக்கிடப்படுகிறது. மாநில அரசு ஊழியர் முன்னுரிமை வரிசையில் பின்னரே வருவர் என்பதால், நீதிமன்ற அலுவலர் ஒருவர் அதனை நம்பிக் காத்திருத்தல் துணிவான செயல். 5, 8 ஆம் வகுப்புகளில் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் முறை நடுவண் அரசின் பள்ளிகளில் 2024 திசம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 8ஆம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்ற முறையைத் தொடர்கிறது.

மாற்றுச் சான்றிதழ்

பழைய பள்ளி வழங்கும் மாற்றுச் சான்றிதழ் மக்கள் வழக்கில் 'டிசி' எனப்படும். கட்டண நிலுவையைக் காட்டி இதனைத் தர மறுப்பது பெற்றோரின் பழைய குறை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, 8ஆம் வகுப்பு வரை அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கிறது. சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கலாகாது என்றும், தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றும் கூறுகிறது. வயதுச் சான்று இன்மையும் மறுப்புக்குக் காரணமாகாது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில், மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அன்று என்றும், அதில் நிலுவையைக் குறிப்பிடக்கூடாது என்றும், சேர்க்கைக்கு அதனை வற்புறுத்தக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

நடைமுறையில் இன்று தாளைவிட எமிஸ் எண்ணே முதன்மையாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் இக்கணினிப் பதிவு உண்டு. பழைய பள்ளி அப்பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்த பின்பே புதிய பள்ளி அதனைத் தன் பட்டியலில் சேர்க்க இயலும். பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கப் பதிவு பழைய ஊரிலேயே தங்கிவிட்டால் பாடநூல், உதவித்தொகை முதலியவை பெறுவதில் சிக்கல் எழும். ஊரைவிட்டுப் புறப்படும் முன் இதனைக் கேட்டு முடித்துக்கொள்வது பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

தொலைவும் பயணமும்

ஒத்தக்கடையில் குடியேறுவோர் பலர் மதுரை நகரப் பள்ளிகளை நாடுகின்றனர். மாட்டுத்தாவணி வழியாக நகரப் பேருந்துகள் உள்ளன. அரசுப் பேருந்துகளில் மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு. ஆயினும் காலை நேர நெரிசலும் நெடுஞ்சாலையைக் கடப்பதும் கணக்கில் கொள்ளவேண்டியவை. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒருமுறை அதே நேரத்தில் சென்று பார்த்தால் மட்டுமே உண்மைத் தொலைவு தெரியும். ஒத்தக்கடையையும் திருமங்கலத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட மெட்ரோ தொடர்வண்டிக்கான கருத்துருவை நடுவண் அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. அதனை நம்பி வீடு பார்ப்பதற்கில்லை.

தனியார் பள்ளி வாகனமெனின், 2012 சூலையில் தாம்பரம் அருகே சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்ததையடுத்து அவ்வாண்டு பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகள் ஏற்பட்டன என்பதை நினைவிற்கொள்ளலாம். கட்டடத்தைப் பொறுத்தவரை, 94 குழந்தைகள் இறந்த 2004 சூலை 16 கும்பகோணம் தீவிபத்துக்குப் பின்னரே கூரைக் கொட்டகை வகுப்பறைகள் நீக்கப்பட்டன. அங்கீகாரம், கட்டட உறுதி, தீத்தடுப்புச் சான்றுகள் நடப்பில் உள்ளனவா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

பள்ளியை அறிதல்

விளம்பரப் பலகையில் காணும் நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி தனியே எதனையும் மெய்ப்பிப்பதில்லை. 9ஆம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர், அவர்களில் எத்தனை பேர் 10ஆம் வகுப்புத் தேர்வை எழுதினர் என்று கேட்டால் நிலை புலப்படும். பொதுத் தேர்வு முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இலேயே தமிழ்நாடு அரசு கைவிட்டது. 11ஆம் வகுப்புப் பொதுத் தேர்வும் 2025-26 முதல் நீக்கப்பட்டது.

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரை 30 மாணவருக்கும், 6 முதல் 8 வரை 35 மாணவருக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். ஊருக்குப் புதியவர் அக்குழுவின் தாய் ஒருவரிடம் பேசினால், கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியுள்ளதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, 2022இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் அப்பள்ளியில் எப்படி நடக்கிறது என்பனவற்றை ஒரே மாலையில் அறிந்துகொள்ளலாம்.