கரையை நெருங்கும் சுறாக்கள்

நுழையும்முன்

கடற்கரையொன்றில் சுறா மனிதரைத் தாக்கியது என்னும் செய்தி ஒரே நாளில் உலகெங்கும் பரவிவிடுகிறது. அச்செய்தி அச்சத்தைத் தருகிறதேயன்றி, அத்தாக்குதல் ஏன் அந்தக் கரையில், அந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பதை விளக்குவதில்லை. காரணம் அறியாத அச்சம் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். சுறாத் தாக்குதல்கள் பெருகிய சில கடற்கரைகளில் அறிவியலாளர்கள் காரணத்தை எவ்வாறு தேடினர் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சுறாவின் இயல்பு

உலகப் பெருங்கடல்களில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. உயிரிழப்பை ஏற்படுத்திய தாக்குதல்களுள் மிகப் பலவற்றுக்குக் காரணமானவை பெருவெண் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா ஆகிய மூன்று இனங்களே. இம்மூன்றும் உருவில் பெரியவை. பெரிய இரையையும் உண்பவை. கரையோர ஆழமற்ற நீருக்கும் வருபவை. காளைச்சுறாவுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. அது உவர்நீரிலிருந்து ஆற்றின் நன்னீருக்குள்ளும் புகுந்து வாழவல்லது. கழிமுகங்களை நாடிச்சென்று குட்டி ஈனுகிறது.

சுறாவின் புலன்கள் கூர்மையானவை. நீரில் கரைந்த மணத்தை நுகர்வதோடு, தொலைவில் எழும் அதிர்வையும் அது உணர்கிறது. அதன் மூக்குப்பகுதியில் உள்ள நுண்துளைகள், பிற உயிரினங்களின் உடலில் எழும் மிக மெல்லிய மின்புலத்தையும் உணரவல்லவை. எனவே, கலங்கிய நீரிலும் அதனால் இரைதேட முடிகிறது. பல தாக்குதல்களில் சுறா ஒருமுறை கடித்துவிட்டு விலகிச் சென்றுவிடுகிறது. எதிர்ப்பட்டது இரையா என்று அது சோதித்துப் பார்ப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கையில்லாத விலங்குக்கு வாயே தொட்டறியும் கருவி. எனினும், பெருஞ்சுறாவின் ஒரு கடியே மனித உயிரைப் போக்கப் போதுமானது.

இவ்வியல்புகள் பல இலட்சம் ஆண்டுகளாக உள்ளவை. அவை ஒரு தலைமுறைக்குள் மாறிவிடுவதில்லை. அவ்வாறாயின், பல ஆண்டுகள் அமைதியாக இருந்த ஒரு கரையில் தாக்குதல்கள் திடீரெனப் பெருகும்போது, மாறியது எது?

துறைமுகமும் கழிமுகமும்

இவ்வினாவுக்கு விடைதேட உதவும் முதன்மையான சான்று, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் உள்ள ரெசிஃபி நகரம். பெர்னாம்புகோ மாநிலத்தின் தலைநகரான அதன் கடற்கரையில் நெடுங்காலமாக மக்கள் நீந்தி வந்தனர். சுறாத் தாக்குதல் அங்கு அரிய நிகழ்வாகவே இருந்தது. 1992ஆம் ஆண்டு முதல் நிலைமை மாறியது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமே உள்ள கரைப்பகுதியில் தாக்குதல்கள் தொடர்ந்தன. அவ்வாண்டு முதல் இன்றுவரை 60-க்கும் மேற்பட்டோர் தாக்கப்பட்டுள்ளனர். அவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். 1995இல் மாநில அரசு அக்கரையில் அலைச்சறுக்கு விளையாட்டுக்குத் தடை விதித்தது.

ஆய்வாளர்களின் பார்வை நகரத்தின் தெற்கே திரும்பியது. அங்கு, சுவாப்பே என்னுமிடத்தில் பெருந்துறைமுகம் ஒன்று 1980களில் இயங்கத் தொடங்கியிருந்தது. அதன் கட்டுமானத்துக்காக அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டன. இப்போஜூக்கா ஆறு கடலோடு கலக்கும் வழியில் தடை ஏற்பட்டது. அக்கழிமுகத்தை நாடிவந்த காளைச்சுறாக்கள் வடக்கே இருந்த ஜபோவாத்தாவோ ஆற்றின் கழிமுகத்தை நாடிச் சென்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அந்த ஆறு ரெசிஃபியின் நெரிசல் மிக்க கடற்கரைகளுக்கு அருகில் கடலை அடைகிறது.

துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் கவனத்துக்கு உள்ளாயின. சுறாக்கள் கப்பல்களைப் பின்தொடர்வதுண்டு. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் எண்ணிக்கைக்கும் தாக்குதல்களுக்கும் இடையே தொடர்பு காணப்பட்டது. கடல் நீரோட்டமும் துறைமுகத்திலிருந்து நகரத்தை நோக்கியே சென்றது. கரையை ஒட்டி, கரைக்கு இணையாக அமைந்த ஆழமான கடலடி வாய்க்கால் ஒன்று, சுறாக்கள் நீந்துவோருக்கு மிக அருகில் வர வழியமைத்தது. ஆற்றுநீரில் கலந்த கழிவுகளும் ஐயத்துக்கு உரியவையாயின.

இக்காரணங்களுள் எதுவும் தனியே போதுமானதன்று. கடலடி வாய்க்கால் துறைமுகத்துக்கு முன்பே இருந்தது. ஆயினும் அப்போது தாக்குதல்கள் பெருகவில்லை. பழைய நில அமைப்போடு புதிய மாற்றங்கள் சேர்ந்தபோதே தீங்கு விளைந்தது. துறைமுகத்தைத் திட்டமிட்டோர் சரக்கையும் கப்பலையும் கணக்கிட்டனர். ஒரு கழிமுகத்தின் வாயில் அடைபட்டால் அங்கு வாழ்ந்த உயிரினம் எங்குச் செல்லும் என்னும் வினா அக்கணக்கில் இடம்பெறவில்லை.

மீண்டுவந்த கடல்நாய்கள்

சுறாக்கள் கரையை நெருங்குவதற்கு இயற்கையின் அழிவு மட்டுமே காரணம் என்று இதனைக்கொண்டு முடிவுசெய்துவிட இயலாது. அழிந்துகொண்டிருந்த இயற்கை மீள்வதும் காரணமாகலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேப் காட் தீபகற்பம் இதற்குச் சான்று.

மீன்வளத்தைக் குறைப்பவை என்று கருதப்பட்ட கடல்நாய்களைக் கொல்வோருக்கு அம்மாநிலம் 1962ஆம் ஆண்டு வரை பரிசுப்பணம் வழங்கியது. அதனால், சாம்பல்நிறக் கடல்நாய்கள் அக்கரையில் ஏறத்தாழ அற்றுப்போயின. 1972இல் கடல்வாழ் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன்பின் அவை மெல்லப் பெருகி, இன்று பல்லாயிரக்கணக்கில் அக்கரையில் வாழ்கின்றன. கடல்நாய், பெருவெண் சுறாவின் விருப்பமான இரை. பெருவெண் சுறாவைப் பிடிப்பதும் 1997இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. இரையும் பெருகிற்று; இரைதேடும் விலங்கும் பாதுகாக்கப்பட்டது. கோடைக்காலத்தில் கடல்நாய்களைத் தேடி வரும் சுறாக்கள், மனிதர் நீந்தும் ஆழமற்ற நீருக்கும் வந்தன. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கு ஒருவர் சுறா தாக்கி உயிரிழந்தார். 1936ஆம் ஆண்டுக்குப்பின் மாசசூசெட்ஸில் நிகழ்ந்த முதல் உயிரிழப்பு அது.

ரெசிஃபியில் சூழல் சிதைந்ததால் சுறா வந்தது. கேப் காட்டில் சூழல் மீண்டதால் வந்தது. விளைவு ஒன்றாயினும் காரணங்கள் நேரெதிரானவை.

விடை முடியாத தீவு

காரணத்தை இவ்வளவு தெளிவாகப் பிரித்தறிய முடியாத இடமும் உண்டு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு பிரான்சு நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கு 2011 முதல் 2019 வரை சுறாத் தாக்குதலால் பதினொருவர் உயிரிழந்தனர். சிறிய தீவுக்கு இது பேரிழப்பு. 2013ஆம் ஆண்டு ஜூலையில், பவளப்பாறைகள் சூழ்ந்த கடற்காயல்களுக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள சில இடங்களுக்கும் வெளியே நீந்துவதும் அலைச்சறுக்கும் தடைசெய்யப்பட்டன.

காரணம் குறித்துத் தீவில் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. சுறா இறைச்சியில் நச்சு இருக்கக்கூடும் என்பதால் அதன் விற்பனை 1999இல் தடைசெய்யப்பட்டது. அதனால் சுறாப்பிடிப்பு குறைந்து அவை பெருகின என்றனர் சிலர். மேற்குக் கரையில் 2007இல் அமைக்கப்பட்ட கடல் காப்பகமே சுறாக்களை ஈர்த்தது என்றனர் வேறு சிலர். மேற்குச் சரிவில் வளர்ந்த குடியிருப்புகளும் வேளாண்மையும் மழைக்காலத்தில் மண்ணையும் கழிவையும் கடலில் சேர்த்தன. அவ்வாறு கலங்கிய நீர் காளைச்சுறாவுக்கு ஏற்றதாயிற்று என்றனர் பிறர். ஆய்வாளர்கள் பலர் இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல், பல மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்ததையே சுட்டுகின்றனர்.

எண்ணிக்கையும் வீதமும்

ஓரிடத்தில் தாக்குதல்கள் பெருகின என்று கூறுமுன் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1960இல் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 300 கோடி. 2022இல் அது 800 கோடியை எட்டியது. கடற்கரைச் சுற்றுலாவும் நீர் விளையாட்டுகளும் அதனினும் விரைவாக வளர்ந்தன. குளிரைத் தடுக்கும் நீச்சலுடைகள் வந்தபின், முன்னர்க் குளிரால் இறங்கத் தயங்கிய கடலிலும் மக்கள் ஆண்டு முழுவதும் நீந்துகின்றனர். நீரில் இறங்குவோர் பத்து மடங்கானால், சுறாவை எதிர்கொள்ளும் வாய்ப்புகளும் பெருகும். எனவே, தாக்குதல்களின் எண்ணிக்கை வேறு. நீரில் இறங்கும் ஒருவருக்கு நேரக்கூடிய இடரின் வீதம் வேறு.

கலிபோர்னியக் கடற்கரை குறித்து 2015இல் வெளியான ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. 1950 முதல் 2013 வரை அங்குப் பெருவெண் சுறாவின் தாக்குதல்கள் எண்ணிக்கையில் கூடின. ஆயினும், கடலில் இறங்குவோரின் பெருக்கத்தையும் கணக்கில் கொண்டபோது, தனியொருவருக்கான இடர் 91 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. இதற்கு மாறாக, ரீயூனியனில் வீதமும் உண்மையாகவே உயர்ந்திருந்தது. அங்குத் தேடவேண்டியது வேறு காரணம் என்பதை அந்த வீதமே உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

உலகெங்கும் நிகழும் சுறாத் தாக்குதல்களைப் பதிவுசெய்யும் பன்னாட்டு ஆவணத் தொகுப்பு 1958இல் தொடங்கப்பட்டது. இன்று அது அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. மனிதர் சுறாவைச் சீண்டியதால் நிகழ்ந்தவை, சீண்டாமல் நிகழ்ந்தவை எனத் தாக்குதல்கள் அதில் பிரிக்கப்படுகின்றன. சீண்டாமல் நிகழ்ந்த தாக்குதல்கள் 2015இல் 98, 2024இல் 47. ஓராண்டின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஏற்றம், இறக்கம் என முடிவுசெய்தல் பொருந்தாது.

தீர்வைத் தேடி

காரணத்தை ஆராயாமல் தீர்வைத் தேடினால் என்ன நிகழும் என்பதற்கு ஹவாய்த் தீவுகள் சான்றாகின்றன. அங்கு 1959 முதல் 1976 வரை அரசின் திட்டங்களின்கீழ் 4,500-க்கும் மேற்பட்ட சுறாக்கள் கொல்லப்பட்டன. அதன்பின்னும் தாக்குதல்களின் வீதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. உலக அளவில் மீன்பிடிப்பால் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துக் கோடிச் சுறாக்கள் மடிகின்றன என்பது 2013இல் வெளியான மதிப்பீடு. உணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள அவை குறைந்தால், அவற்றுக்குக் கீழுள்ள உயிரினங்களின் சமநிலையும் குலையும்.

ரெசிஃபி வேறு வழியைத் தேர்ந்தது. 2004ஆம் ஆண்டு முதல் ஆய்வுப் படகொன்று கரையோரத்தில் தூண்டில்களை இட்டது. அவற்றில் சிக்கிய ஆபத்தான சுறாக்கள் கொல்லப்படவில்லை. அவற்றுக்கு அடையாளக் குறி பொருத்தி, தொலைவிலுள்ள ஆழ்கடலுக்குக் கொண்டுசென்று விடுவித்தனர். எட்டாண்டுக் காலத் தரவுகளை ஆராய்ந்தபோது, அப்பணி நடைபெற்ற மாதங்களில் தாக்குதல்களின் வீதம் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்திருந்தது. பணி நின்ற காலங்களில் தாக்குதல்கள் மீண்டும் தலைதூக்கின. அம்முறை நோயைத் தணித்ததேயன்றி வேரை அகற்றவில்லை. கழிமுகத்தின் பழைய நிலையை எந்தப் படகாலும் மீட்டுத்தர இயலாது.

கேப் காட்டில் கடல்நாய்களை மீண்டும் கொல்லவேண்டும் என்னும் குரல்கள் எழுந்தன. ஆயினும் சுறாக்களுக்கு அடையாளக் கருவி பொருத்திக் கண்காணித்தல், கரையில் எச்சரிக்கைக் கொடிகளை நடுதல், காயமுற்றோரின் குருதிப்பெருக்கை நிறுத்தும் மருத்துவப் பொருள்களைக் கடற்கரையிலேயே வைத்தல் ஆகியவையே நடைமுறைக்கு வந்தன. வைகறையிலும் அந்தியிலும் நீந்தாமை, கலங்கிய நீரையும் ஆற்றுமுகத்தையும் தவிர்த்தல், மீன்கூட்டமோ கடல்நாயோ தென்படும் இடத்திலிருந்து விலகுதல், தனித்து நீந்தாமை ஆகியன கடலில் இறங்குவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்.

இந்நெறிகள் நீந்துவோருக்கு உரியவை. துறைமுகம் அமைப்போர், ஆற்றைத் திருப்புவோர், கழிவைக் கடலில் சேர்ப்போர் ஆகியோருக்கும் நெறிகள் வேண்டும். சுவாப்பேயில் ஆற்றின் வழி அடைக்கப்பட்டதற்கும் ரெசிஃபியில் தாக்குதல்கள் தொடங்கியதற்கும் இடையே நீண்ட காலம் கடந்திருக்கவில்லை. அந்த ஆற்றைப் பற்றி முடிவெடுத்தவர்கள் வேறு. அக்கரையில் உயிரிழந்த இளைஞர்கள் வேறு.