தார்ப்பாய் கட்டினா மட்டும் போதுமா... வாட்டம் விட்டீங்களா பாஸ்?

ஐப்பசியில ஃப்ரெண்ட்ஸோட மேலூர் பக்கம் ஒரு தோப்புல நைட் ஸ்டே பிளானா? டென்ட் இல்லைன்னா கவலை வேணாம். ஒரு தார்ப்பாய், கொஞ்சம் கயிறு போதும். ஆனா, இப்படித் தங்கி நனையுற பலரும் கூரை ஒழுகி நனையுறதில்லை. தண்ணி தரையோட வந்துதான் நனையுறாங்க.

அதனால முதல்ல இடம். காஞ்சு கிடக்கிற கண்மாயும் வரத்துக்கால்வாயும் சமதளமா, படுக்க வசதியாத்தான் தெரியும். ஏமாந்துடாதீங்க. உங்க தலைக்கு மேல தூறலே இல்லாதப்பகூட, அழகர்மலைப் பக்கம் கொட்டின மழை நடுராத்திரியில அந்த வழியா வரலாம். மேடு பார்த்துத் தங்குங்க. ஒத்தைப் பனைமரத்தடி வேண்டவே வேண்டாம். இடி இடிச்சா தார்ப்பாய் காப்பாத்தாது. காருக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போயிடுங்க.

அடுத்து வாட்டம். பந்தல் மாதிரி தட்டையா கட்டினா நடுவுல தொந்தி விழும். ஒரு சதுர மீட்டர்ல 1 சென்டிமீட்டர் தண்ணி தேங்கினாலே 10 கிலோ! ஒரு பக்கம் ஏத்தி, காத்தடிக்கிற பக்கம் நல்லா தாழ்த்திக் கட்டுங்க.

மரத்துலேருந்து வர்ற கயிறு வழியாவும் தண்ணி உள்ளே ஓடிவரும். தார்ப்பாய்க்கு ஒரு சாண் வெளியே, கயித்துல ஒரு துணித்துண்டை முடிஞ்சு தொங்கவிடுங்க. தண்ணி அங்கேயே சொட்டிடும்.

கீழே விரிக்கிற ஷீட் கூரையைவிட சின்னதா இருக்கணும். வெளியே நீட்டிக்கிட்டிருந்தா, மழையைப் பிடிச்சு உங்க முதுகுக்கே அனுப்பிடும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காடா? நனைஞ்சா முளைக்குச்சி பிடுங்கிக்கும். மண் நிரப்பின சாக்குல கட்டிடுங்க.