கூட்டல் கழித்தல் 103

பூம்புகாருக்குச் சுற்றுலா போகிறவர்கள் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்ப்பார்கள், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் கால் நனைப்பார்கள், ஊர் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே கீழையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தபோது, பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளியே வந்தது. படகுகளைக் கட்டி வைக்க ஊன்றிய மரத்தூண்களும் கிடைத்தன. அந்த மரத்தின் காலத்தைக் கார்பன் முறையில் கணக்கிட்டார்கள். வந்த விடை: கி.மு. 316 ± 103.

அந்தக் கூட்டல் கழித்தல் குறியைக் கவனித்தீர்களா? கணக்குப் பரீட்சையில் விடை எழுதி, பக்கத்தில் “இதில் 103 கூடலாம், குறையலாம்” என்று நாம் யாரும் எழுதுவதில்லை. அறிவியலில் அப்படித்தான் எழுத வேண்டும். தன் விடையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் அளந்து, விடையோடு சேர்த்தே எழுதுவது அறிவியலின் வழக்கம். மனித குலத்தை முன்னே கொண்டுவந்த நல்ல பழக்கங்களில் இதுவும் ஒன்று. எப்படி என்று பார்ப்போமா?

மரத்தின் வயது எப்படித் தெரியும்?

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமிக்கு வருகின்றன. அவற்றின் தாக்கத்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்களில் சில, கார்பன்-14 என்ற அணுக்களாக மாறுகின்றன. மரம் கரியமில வாயுவை உள்ளே இழுக்கும்போது கார்பன்-14 அணுக்களும் கொஞ்சம் சேர்ந்து வருகின்றன. மரத்தை வெட்டிவிட்டால் வரவு நின்றுபோகும், செலவு மட்டும் நடக்கும். கார்பன்-14 அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து மறுபடி நைட்ரஜன் ஆகும். 5,730 ஆண்டுகளில் பாதி தீர்ந்துவிடும். இதைத்தான் அரை ஆயுள் என்கிறோம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், மரம் வெட்டப்பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 2,270 வயதுள்ள மரத்தில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு மிச்சமிருக்கும்.

பிறகு ஏன் அந்த 103? எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே மரத்துண்டை இரண்டு முறை அளந்தாலும் எண்ணிக்கை சற்று ஏறும், சற்று இறங்கும். 10,000 சிதைவுகளை எண்ணினால் 100 அளவுக்கு முன்பின் இருப்பது சகஜம். அதாவது நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றே வயதுக் கணக்கில் சுமார் 80 ஆண்டு வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும்! எனவே 103 என்பது யாருடைய கவனக்குறைவும் இல்லை. “பெரும்பாலும் கி.மு. 419-க்கும் கி.மு. 213-க்கும் இடையில் இருக்கும். அப்படி இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு” என்பதுதான் அந்தச் சின்னக் குறிக்குப் பொருள்.

செய்து பாருங்கள்

100 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு, வெள்ளை தெரிகிறவற்றை எண்ணி நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப 20 தடவை போட்டு எழுதுங்கள்.

சரியாக 50 ஒவ்வொரு முறையும் விழாது. ஒரு முறை அதிகம், ஒரு முறை குறைவு. பிழையில் இரண்டு வகை உண்டு. கார்பன் கணக்கில் பார்த்த 103 போன்ற இது முதல் வகை. நிறைய தடவை போட்டுச் சராசரி எடுத்தால் இது குறைந்துகொண்டே போகும்.

இப்போது 20 எண்களின் சராசரியைப் பாருங்கள். அது 50-க்குப் பக்கத்தில் இல்லாமல் 40 என்றோ 60 என்றோ வந்தால்? தேய்த்ததில் கொட்டை ஒரு பக்கம் தட்டையாகி, அது விழும் விதமே மாறியிருக்கலாம். “பாதிக்குப் பாதி விழும்” என்று நாம் நம்பியதே தவறு! இது இரண்டாம் வகைப் பிழை. இதே கொட்டைகளை ஆயிரம் தடவை போட்டாலும் இது குறையாது. நாம் எதைச் சந்தேகப்படாமல் விட்டோமோ அதற்குள் இது ஒளிந்திருக்கும். வேறொரு வழியில் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

லிப்பி நம்பியதும், மரம் சொன்னதும்

கார்பன் முறையை 1949-இல் உலகுக்குச் சொன்னவர் அமெரிக்காவின் வில்லார்ட் லிப்பி. 1960-இல் இதற்காகவே வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவர் இரண்டு விஷயங்களை வைத்துக் கணக்குப் போட்டார். ஒன்று, கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,568 ஆண்டு. இரண்டு, காற்றில் கார்பன்-14 எந்தக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது. வயது தெரிந்த எகிப்தியக் கல்லறை மரங்களை வைத்துச் சோதித்தார். ஓரளவு ஒத்துவந்தது.

பின்னாளில் இரண்டுமே சரியில்லை என்று தெரிந்தது. அரை ஆயுள் 3 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாவது பிழை இன்னும் பெரியது. அதைக் காட்டிக்கொடுத்தவை கலிபோர்னியா மலைகளில் நிற்கும் பிரிசில்கோன் பைன் மரங்கள். அவற்றில் சிலவற்றின் வயது 4,000 ஆண்டுக்கும் மேல். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். வளையங்களை எண்ணினால் எந்த வளையம் எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். ஹான்ஸ் சூஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1960-களில் அந்த வளையங்களின் கார்பனை அளந்தார்கள். மிகப் பழைய வளையங்களுக்குக் கார்பன் கணக்கு சில நூற்றாண்டுகள் குறைவான வயதைச் சொன்னது! காற்றில் கார்பன்-14 காலந்தோறும் கூடிக் குறைந்திருக்கிறது.

உடனே இந்த முறையைத் தூக்கி எறிந்துவிட்டார்களா? இல்லை. எவ்வளவு பிழை என்று ஆண்டுவாரியாக அளந்து ஒரு பட்டியலே போட்டார்கள். இன்று எந்தக் கார்பன் தேதியையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். பட்டியலையும் விடாமல் திருத்துகிறார்கள், 2020-இல்கூடப் புதுப்பித்தார்கள். இன்னொரு லாபமும் கிடைத்தது. கார்பன்-14 ஏன் ஏறி இறங்கியது என்று தேடியவர்களுக்குச் சூரியனின் பழைய சரித்திரமே தெரியவந்தது. கி.பி. 774–775 வளையங்களில் கார்பன்-14 திடீரென்று எகிறியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர் ஃபுசா மியாகே குழுவினர் 2012-இல் கண்டுபிடித்தார்கள். மிகப் பெரிய சூரியப் புயல் ஒன்று அடித்திருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு போனதால் கிடைத்த புது அறிவு இது!

முடிவெடுக்கும்போது

பூம்புகாரில் பிறந்த கண்ணகியின் கதை உங்களுக்குத் தெரியும். அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் சொன்னதை நம்பி, பாண்டிய மன்னன் கண்ணகியின் கணவன் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் உண்மை தெரிந்துவிடும். உடைத்தும் பார்த்தார்கள். ஆனால் கோவலன் இறந்த பிறகு! லிப்பியின் கணக்கைப் பிற்காலத்தில் திருத்த முடிந்தது. போன உயிரைத் திருப்ப முடியவில்லை. திருத்த முடியாத முடிவு என்றால், சோதனை முதலில் வர வேண்டும்.

திருத்த முடியாத முடிவை முன்கூட்டியே எடுப்பது பூம்புகார் மீனவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவானால், வானிலை ஆய்வுத் துறை அதன் பாதையை வெறும் கோடாக வரைவதில்லை. கோட்டைச் சுற்றி, போகப் போக அகலமாகும் ஒரு கூம்பையும் வரைகிறது. கூம்பின் அகலத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? முந்தைய ஆண்டுகளின் கணிப்புகள் எவ்வளவு தூரம் தவறின என்ற கணக்கை வைத்துத்தான். கோடு கடலூர்ப் பக்கம் போனாலும், பூம்புகார் கூம்புக்குள் இருந்தால் படகுகளைக் கரையேற்றிவிட வேண்டும். பழைய கணிப்புகளின் பிழைகளை யாரோ ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் இந்த எச்சரிக்கை சாத்தியமாகிறது.

ஆகவே தம்பி, தங்கைகளே, அடுத்த முறை அறிவியல் சோதனை செய்யும்போது அளவு தப்பாக வந்தால் ரப்பரைத் தேடாதீர்கள். அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புது அளவையும், எங்கே தவறியது என்பதையும் எழுதுங்கள். யாராவது உங்களிடம் ஓர் எண்ணைச் சொன்னால், “கூட்டல் கழித்தல் எவ்வளவு?” என்று தைரியமாகக் கேளுங்கள். அழித்த பிழையால் யாருக்கும் பயன் இல்லை. எழுதி வைத்த பிழை உங்களுக்கும் உதவும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.