வீட்டுப் பறவைகளுக்கான தீனியும் பராமரிப்பும்

வீட்டில் கூண்டிலோ மாடத்திலோ வளர்க்கப்படும் சிறு பறவைகளுக்குத் தீனி, நீர், இருப்பிடம், நோய்த்தடுப்பு ஆகியவற்றை அமைத்துக்கொடுப்பதே வீட்டுப் பறவை பராமரிப்பு எனப்படுகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களைச் சேர்ந்த செலியமேடு போன்ற ஊர்களில் முற்றத்துக் கோழிக்கும் மாடப்புறாவுக்கும் இருக்கும் பழக்கம் நெடுங்காலத்தது. கடையில் வாங்கிவந்த வண்ணக் குருவிக் கூண்டு திண்ணையில் தொங்குவது அண்மைக்கால வழக்கம். கோழி வளர்த்த அனுபவம் இந்தக் குருவிகளுக்குப் பாதிதான் உதவும். கோழி மேய்ந்து தன் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். கூண்டுப் பறவைக்கு வைப்பவர் வைத்தது மட்டுமே உணவு.

எதை வளர்க்கலாம்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர் எனும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள். பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840-இல் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி உலகெங்கும் பரவின. உண்மையான காதற்கிளிகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம்; குட்டை வாலும் தடித்த அலகும் கொண்டவை. இவை தவிரக் கொண்டைக்கிளியான காக்டெயில், வரிக்குருவியான ஃபிஞ்ச், ஜாவா குருவி ஆகியவையும் கடைகளில் கிடைக்கின்றன.

பெயர்க் குழப்பத்தால் சட்டச் சிக்கலும் வரும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர், 2024-இல் வந்த விதிகளின்படி, அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜெரிகரும் காக்டெயிலும் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள பிஷர் காதற்கிளியும் ஜாவா குருவியும் பட்டியலில் உள்ளன. கடைக்காரர் இரண்டையும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றே சொல்வார்.

இந்நாட்டுப் பறவைகளின் நிலை வேறு. தென்னையிலும் பனையிலும் கூட்டமாக வந்தமரும் பச்சைக்கிளி, அதாவது செந்தார்ப் பைங்கிளி, 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்ட பறவை. மைனா, சில்லை ஆகியவையும் அப்படியே. 1991-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்தியக் காட்டுப் பறவைகளின் விற்பனையைத் தடுத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பிடித்தாலும் விற்றாலும் கூண்டில் வைத்தாலும் குற்றமே. மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘தாத்தா காலத்திலிருந்து கிளி வளர்க்கிறோம்’ என்பது சட்டத்தின்முன் எடுபடாது. சில்லைகளுக்குச் சாயம் பூசி அயல்நாட்டுக் குருவி என்று சந்தையில் விற்பதும் உண்டு. தண்ணீரில் நனைந்தால் நிறம் கரையும் பறவையை வாங்கக் கூடாது.

தீனி

கூண்டுக் குருவிகளின் சாவுக்குப் பெரும்பாலும் பட்டினி காரணமன்று. ஒரே தீனிதான் காரணம். பட்ஜெரிகருக்குத் தினை போதும் என்பது பொதுவான எண்ணம். தினையும் கம்பும் சாமையும் வயிற்றை நிரப்பும். மாவுச்சத்தும் ஓரளவு புரதமும் தரும். ஆனால் உயிர்ச்சத்து ‘ஏ’ அவற்றில் மிகக் குறைவு. சுண்ணாம்புச்சத்தும் அயோடினும் அப்படியே. வெறும் தானியத்தில் வளரும் பறவை முதல் ஆண்டில் நன்றாகவே தெரியும். பிறகு மூக்கடியில் சளி ஒட்டும், இறகு மங்கும், கழுத்தில் தைராய்டு வீங்கி மூச்சோடு ‘கிச்’ என்ற ஒலி வரும். அதற்குள் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகியிருக்கலாம். எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய பறவை மூன்றாம் ஆண்டில் இறப்பதை ‘அதன் ஆயுள் அவ்வளவுதான்’ என்று வீட்டார் எடுத்துக்கொள்வது வழக்கம்.

மாற்று வழி செலவு மிக்கதன்று. 30 முதல் 40 கிராம் எடையுள்ள ஒரு பட்ஜெரிகருக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி தானியக் கலவை போதும். தினை, சாமை, பனிவரகு, கொஞ்சம் கம்பு என்று கலக்கலாம். அதனுடன் நாள்தோறும் ஒரு கொத்துக் கீரை தர வேண்டும். முருங்கைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லித் தழை ஆகியவை கொல்லையிலேயே கிடைப்பவை. துருவிய கேரட்டும் மஞ்சள் பூசணியும் நல்லவை. பசலை வகைகளில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச்சத்தைப் பிணைத்துவிடுவதால் எப்போதாவது தந்தால் போதும். பூச்சிமருந்து அடித்த வயலோரக் கீரையைத் தரவே கூடாது. நெல் பயிராகும் ஊர்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

தானியம் மட்டுமே தின்று பழகிய பறவை கீரையை முதலில் தொடாது. ஈரக்கீரையைக் கூண்டின் கம்பியில் செருகிவைத்தால் முதலில் அதில் உரசிக் குளிக்கும், பிறகு கொறிக்கும். இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். பழக்குவதற்காகத் தானியத்தை முழுதும் நிறுத்துவது ஆபத்து. சிறு பறவைக்கு ஒரு நாள் முழுப் பட்டினியே உயிருக்கு உலை வைக்கும்.

இன்னொரு பட்டினி கண்ணுக்குத் தெரியாது. பட்ஜெரிகர் தானியத்தை உடைத்து உமியை அதே கிண்ணத்தில் உதிர்க்கும். மேலே உமி நிறைந்து கிண்ணம் நிரம்பியதுபோலத் தோன்றும். அடியில் ஒரு மணிகூட இருக்காது. ‘தீனி அப்படியே இருக்கிறதே’ என்று விட்டுவிடும் வீட்டில் பறவை சாகும். காலையும் மாலையும் கிண்ணத்தை ஊதி உமியைப் போக்கிப் பார்ப்பது இதற்குத் தீர்வு.

உமி நீக்கித் தின்பதால் பட்ஜெரிகருக்கு மணல், கல் தேவையில்லை. தானியத்தை முழுதாக விழுங்கும் புறாவுக்கும் கோழிக்கும் அரைவைப்பையில் கல் வேண்டும்.

சுண்ணாம்புச்சத்துக்குச் சிறந்தது கணவாய் ஓடு. சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் கடற்கரைகளில் பொறுக்கியும் எடுக்கலாம். பொறுக்கியதை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்ட வேண்டும். அவித்துக் காயவைத்துப் பொடித்த முட்டையோடும் பயன்படும். முட்டையிடும் பெட்டைக்கு இது இல்லையென்றால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பால்சோறு ஊட்டுவது அன்பான பழக்கம், ஆனால் தவறானது. பறவைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கிடையாது. மிளகாய் மட்டும் வேடிக்கையான விதிவிலக்கு. பறவைகளின் நரம்புகள் காரத்தை உணர்வதில்லை. பழுத்த மிளகாயில் உயிர்ச்சத்து ‘ஏ’ ஆகக்கூடிய நிறமியும் உண்டு. உப்பிட்ட பண்டம், வெங்காயம், பூண்டு, சாக்லேட், காபி, வெண்ணெய்ப்பழம் ஆகியவை கூடாது. சூரியகாந்தி விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. கூண்டில் பறக்காமல் இருக்கும் பறவைக்குக் கையிலிருந்து ஒன்றிரண்டு தந்தால் போதும்.

அடுக்களைப் புகை

மனிதரின் நுரையீரலில் நடப்பதுபோலப் பறவையின் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்புவதில்லை. காற்றுப்பைகளின் உதவியால் அதன் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். பறப்பதற்கு உதவும் இந்த அமைப்பே நஞ்சையும் விரைவாக உடலில் சேர்த்துவிடும். பிரிட்டன் சுரங்கங்களில் நச்சுக்காற்றைக் கண்டறியக் கேனரிப் பறவையை வைத்திருந்த வழக்கம் 1986 வரை நீடித்தது.

ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் வெறுமையாக அடுப்பில் கிடந்து ஏறத்தாழ 280 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பூச்சிலிருந்து மணமில்லாத நச்சுவாயு வெளிப்படும். அடுத்த அறையிலுள்ள பறவை சில நிமிடங்களில் விழுந்து சாகலாம். வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. பறவை இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லே உகந்தது. கொசுவர்த்தி, சாம்பிராணி, பூச்சிக்கொல்லித் தெளிப்பு ஆகியவையும் கூண்டருகே கூடாது. கொசு மிகுந்த ஊரில் கூண்டுக்கே வலை போர்த்துவது எளிது.

கூண்டு

கூண்டுக்கு உயரத்தைவிட நீளமே முதன்மை. சிறுகிளிகள் பக்கவாட்டில் பறப்பவை. ஒரு இணைக்குக் குறைந்தது 60 சென்டிமீட்டர் நீளமும், கம்பிகளுக்கிடையே 1.2 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியும் வேண்டும். உட்காரும் குச்சி ஒரே பருமனில் இருந்தால் பாதத்தில் புண் வரும். பல பருமனுள்ள வேம்பு, கொய்யாக் கிளைகள் நல்லவை. அரளி நஞ்சு.

எறும்பைத் தடுக்கக் கூண்டு நிற்கும் மேசையின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தலாம். பூனையும் எலியும் பாம்பும் இரவில் வரும் ஊர்களில் திண்ணையில் தொங்கும் கூண்டைப் பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். பறவைக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேர இருட்டு தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடம் அதற்கு ஏற்ற இடமன்று.

இணை சேர்க்க இங்கே மண்கலயத்தைக் கட்டுவது வழக்கம். நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஏறத்தாழ 18 நாளில் பொரிக்கும். ஐந்து வாரத்தில் குஞ்சு வெளிவரும். ஆண்டுக்கு இரண்டு ஈட்டுக்குமேல் விட்டால் பெட்டை தேய்ந்துபோகும். கலயத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

வெயிலும் வெள்ளமும்

பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. கத்திரி வெயிலில் அலகைத் திறந்து, சிறகை உடலிலிருந்து விலக்கி மூச்சிரைக்கும். தகரக்கூரையின்கீழ் கூண்டு வைக்கவே கூடாது. தண்ணீரை இருவேளை மாற்றி, குளிக்க அகலத் தட்டு வைக்கலாம்.

மழைக்காலத்தின் பகை பூஞ்சை. நமத்த தானியத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். மொத்தமாக வாங்காமல் ஒரு மாதத்துக்கானதை மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தரையிலோ கொட்டகையிலோ இருக்கும் கூண்டை அத்தகைய இரவில் எடுக்க நேரம் இருக்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே பரணுக்கு ஏற்றி, மூன்று நாள் தீனியையும் நீரையும் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

நோய்

காட்டில் நலிந்த பறவையைப் பருந்து தூக்கிவிடும் என்பதால் பறவைகள் நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது எடை. வாரம் ஒருமுறை சிறு மின்தராசில் நிறுத்து எழுதிவைத்தால் போதும். பத்திலொரு பங்கு குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதுச்சேரியை அடுத்த குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

முற்றத்துக் கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய் கூண்டுப் பறவைக்கும் தொற்றக்கூடும். கோழிக்குத் தடுப்பூசி போட்டு, கோழியைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே கூண்டைத் தொட வேண்டும். கிளிக்காய்ச்சல் மனிதருக்கே வரும். உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். தட்டில் தண்ணீர் தெளித்தபிறகே கூட்டித் துடைப்பது பாதுகாப்பு.

விழுந்த குஞ்சும் வெளியே வரும் பறவையும்

தை முதல் சித்திரை வரை பனை, தென்னைப் பொந்துகளில் பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கும். காற்றில் விழுந்த குஞ்சைக் கண்டால் பொந்து எட்டுமானால் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்காது. காயம்பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

கிளி மீது ஆசை உள்ளவர்கள் கூண்டில்லாமலேயே அதை வரவழைக்கலாம். வேலியில் கோவைக்கொடி படர்ந்தால் பழத்துக்குக் கிளி தானே வரும். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைப் பின்னி வீட்டு முகப்பில் தொங்கவிடுவது இப்பக்கத்தில் இன்னும் மறையாத வழக்கம். சிட்டுக்குருவிகள் அதில் தொங்கிக்கொண்டே தின்னும். கோடையில் நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைக்கலாம். சட்டியில் ஆழம் மூன்று விரற்கடைக்கு மேல் இருக்கக்கூடாது. நடுவில் ஒரு கல் இருந்தால் சிறு குருவி வழுக்கி மூழ்காது. இரண்டு நாளுக்கொருமுறை சட்டியைத் தேய்த்துக் கழுவினால் கொசுப்புழுவும் சேராது.